யாருக்கும் தலையாட்டாத காவல்

“இன்னும் வரேல்லைப் பிள்ளை,” என்றார் நேசமலர். “நான் போனைக் கையிலயே வைச்சுக்கொண்டு நிக்கிறன்.”

“வடிவாப் பாருங்கோ அக்கா. ‘புதன்கிழமை விடிய ஆறு மணிக்கு வாய்க்காலில தண்ணி திறக்கப்படும். அதுக்கு முதல் எல்லாரும் வாய்க்காலைத் துப்பரவாக்கவும். மேல்பக்கத்து ஆக்கள் தங்கட மடையை மூடவும்.’ இப்பிடி ஒரு மெசேஜ்.”

“இல்லை. போன் கொம்பனிக்காரன் பிறந்தநாள் வாழ்த்து ஒண்டு அனுப்பியிருக்கிறான். எனக்குப் பிறந்தநாள் தையில. ஒருவேளை என்ர போன்தான் பழுதோ?”

“உங்கட போன் நல்லாத்தான் இருக்கு அக்கா. கொஞ்சத்தால திரும்ப எடுக்கிறன்.”

யதுர்ஷிகா போனை மேசையில் வைத்துவிட்டுக் கணினியை முறைத்தாள். செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணி.

அக்கராயன் பக்கத்து விவசாயிகளின் கமக்காரர் அமைப்பு ஒன்றில் அவள் கணினி உத்தியோகத்தர். அங்கே இருந்த ஒரே கணினிக்கு ஒரே உத்தியோகத்தர். வழக்கமாகச் சனிக்கிழமை திறக்கும் முறைத் தண்ணீரை, குளத்துக் கதவில் திருத்த வேலை இருப்பதால் புதன்கிழமையே திறக்கப்போகிறார்கள் என்று முதல்நாள் பின்னேரம்தான் கடிதம் வந்திருந்தது. வாய்க்காலின் கீழ் நூற்று அறுபது குடும்பங்கள். நெல் கதிர் வெளிவரப் போகிற குடலைப் பருவத்தில் நின்றது. மேல்பக்கத்தவர்கள் நேரத்துக்கு மடையை மூடாவிட்டால் வாய்க்காலின் கடைசிக்குத் தண்ணீர் போய்ச் சேராது. அடுத்த முறை பன்னிரண்டு நாள் கழித்துத்தான். அதற்குள் கடைசியில் இருக்கிற நேசமலரின் மூன்று ஏக்கரும் வைக்கோலாகிவிடும்.

முன்பென்றால் சிவராசா தன் ஓட்டோவில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு அறிவித்துவிட்டு வருவார். இப்போது சிவராசாவும் ஒலிபெருக்கியும் வவுனியாவில் ஒரு கலியாண வீட்டில் இருந்தார்கள். ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. அதில் காலை வணக்கப் பூக்களுக்கு நடுவே எந்த அறிவித்தலையும் கண்டுபிடிக்க முடியவில்லை என்று கூட்டம் போட்டுக் கலைத்துவிட்டார்கள். மிஞ்சியது யதுர்ஷிகா செய்த மெசேஜ் சேவைதான். அது இன்றைக்குப் பார்த்து வாயைத் திறக்க மறுத்தது.

“நான் மோட்டச்சைக்கிளில போய் வீடு வீடாச் சொல்லிப்போட்டு வரட்டோ?” என்று கேட்டார் செயலாளர் தயாபரன்.

“இந்தக் காலத்தில வீடு வீடாப் போறதோ அண்ணை? அரை மணித்தியாலம் தாங்கோ.”

உலகத்தில் கணினி உத்தியோகத்தர்கள் கேட்ட அரை மணித்தியாலங்களை ஒன்றாகச் சேர்த்தால் ஒரு காலபோக நெல்லையே விதைத்து அறுத்து முடிக்கலாம். தயாபரனுக்கு அது தெரியாது. அவர் உட்கார்ந்துவிட்டார்.

சேவை ஏன் பேச மறுத்தது என்று சொல்ல வேண்டுமானால், போன போகத்தில் அது பேசியதைச் சொல்ல வேண்டும். கண்ணில் படுகிற கோப்புகளில் ஆகப் புதியதை எடுத்து எல்லோருக்கும் அனுப்புவது அதன் வேலை. ஒருநாள் அதன் கண்ணில் தயாபரனின் கோப்புறை பட்டது. அவர் தன் மச்சாளுக்கு மாப்பிள்ளை தேடுவதற்காகத் தட்டி வைத்திருந்த குறிப்பு நூற்று அறுபது கமக்காரருக்கும் போய்ச் சேர்ந்தது. வயது முப்பத்தொன்று, செவ்வாய் இல்லை, பல் வரிசை, தையல் தெரியும். தயாபரன் இரண்டு கிழமை கந்தோர்ப் பக்கம் வரவில்லை.

அதன் பிறகுதான் யதுர்ஷிகா காவல் போட்டாள். சாதாரணப் பூட்டென்றால், அதன் திறப்பு யார் கையில் இருக்கிறதோ அவர்தான் ராசா. விரும்பியவருக்குத் திறந்துவிடலாம். இந்தக் காவலில் அந்தக் கதையே இல்லை. கணினியில் ஓடுகிற ஒவ்வொரு வேலைக்கும் ஒரு லேபிள், ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு லேபிள். எந்த லேபிள் எதைத் தொடலாம் என்று ஒரு விதிப் பட்டியல் இருக்கும். பட்டியலில் இல்லாதது நடக்காது, கேட்பவர் கணினிக்கே அதிபதியாக இருந்தாலும். மெசேஜ் சேவைக்கு மூன்றே மூன்று உரிமைகள் எழுதினாள். ‘அனுப்பவேண்டியவை’ என்ற கோப்புறையை வாசிக்கலாம். தொலைபேசி இலக்கங்களின் பட்டியலைப் பார்க்கலாம். மெசேஜை வெளியே அனுப்புகிற மோடத்தோடு கதைக்கலாம். மற்றபடி அது ஒரு அறைக்குள் இருக்கிற பிள்ளை.

இதைக் கூட்டத்தில் விளங்கப்படுத்தியபோது தலைவர் அப்புத்துரை கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார்.

“நான் கேட்டாலும் விடாதோ?”

“விடாது ஐயா.”

“நீ கேட்டாலும்?”

“பட்டியலில இல்லாட்டி எனக்கும் விடாது.”

“அப்பிடி ஒரு ஆள் எங்கட அமைப்பில இதுவரைக்கும் இருந்ததில்லை,” என்றார் அப்புத்துரை. அதோடு விடவில்லை. காவல் விழித்திருக்காத நேரத்தில் ஒரு மெசேஜும் வெளியே போகக்கூடாது என்று தீர்மானமும் போட்டார். தயாபரன் கைதட்டி வழிமொழிந்தார். யதுர்ஷிகா அதையும் சேவைக்குள் எழுதி வைத்தாள்.

இப்போது காவலின் பதிவேட்டைத் திறந்து பார்த்தாள். ‘மறுக்கப்பட்டது’ என்று வரிசையாக இருந்தது. காரணம் சின்னது. தயாபரன் தன் கோப்புறையில் தட்டிய அறிவித்தலை அவள் பிரதி எடுக்காமல் அப்படியே இழுத்து ‘அனுப்பவேண்டியவை’க்குள் போட்டிருந்தாள். இழுத்துப் போட்ட கோப்பு பழைய லேபிளோடுதான் வரும். அக்கராயனில் அறுபது வருடம் கமம் செய்தாலும் “அவர் புங்குடுதீவு ஆள்” என்று சொல்வதில்லையா, அப்படி. கோப்பு புது இடத்தில் இருந்தது. ஆனால் காவலின் கண்ணுக்கு அது தயாபரன் வீட்டு ஆள்.

லேபிளை மாற்றியிருந்தால் ஒரு நிமிட வேலை. ஆனால் அவசரம் என்று ஒன்று இருக்கிறதே. பதிவேட்டில் மறுக்கப்பட்டவற்றை எல்லாம் பார்த்து, அவற்றுக்கு அனுமதி எழுதித் தருகிற ஒரு கருவி அவளிடம் இருந்தது. யோசிக்காமல் அதை ஓடவிட்டாள். தயாபரன் வீட்டு லேபிள் உள்ள எதையும் சேவை வாசிக்கலாம் என்று அது ஒரு விதி எழுதிக் கொடுத்தது.

சேவை உடனே உற்சாகமாக எழும்பியது. திரையில் ஒரு வரி வந்தது: ‘அனுப்ப ஆயத்தம் – மணமகன் தேவை, திருத்திய பிரதி.’

தயாபரன் கதிரையில் இருந்து எழும்பிய சத்தம் வெளியே நின்ற மாட்டுக்கும் கேட்டிருக்கும்.

“தங்கச்சி, நிப்பாட்டு. இண்டைக்குப் பின்னேரம் முழங்காவிலில இருந்து மாப்பிள்ளை வீட்டு ஆக்கள் வருகினம். இப்ப இது திரும்ப ஊருக்குப் போனால் என்ன நினைப்பினம்?”

“அது ஏன் அண்ணை திருத்தி வைச்சிருக்கிறீங்கள்?”

“முதல் பிரதியில உயரம் பிழை. இண்டைக்கு விடியத்தான் திருத்தினனான்.”

யதுர்ஷிகா பாய்ந்து மோடத்தைப் பிடுங்கினாள். ஒரு மெசேஜும் போகவில்லை.

“மாப்பிள்ளை ஆர் அண்ணை? தரகர் கொண்டு வந்ததோ?”

தயாபரன் யன்னலுக்கு வெளியே பார்த்தார். “இல்லை. இஞ்ச எட்டாம் கட்டையில கமம் செய்யிற பெடியன்ர தமையன். போன போகம் மெசேஜ் வந்து பாத்தவங்களாம்.”

யதுர்ஷிகா சிரிப்பை அடக்கிக்கொண்டு புது விதியை அழித்தாள். அறிவித்தலுக்குச் சரியான லேபிளை ஒட்டினாள். மோடத்தைத் திரும்பவும் செருகினாள். பிடுங்கிய அவசரத்தில் எந்தத் துளையில் இருந்தது என்று பார்க்கவில்லை. பக்கத்துத் துளையில் செருகியதும் கணினி அதற்கு ஒரு புதுப் பெயர் வைத்தது. புதுப் பெயர் பட்டியலில் இல்லை. காவல் மோடத்தை மறித்தது.

அதை அவள் இன்னும் கவனிக்கவில்லை. பதினொரு மணிக்கு நேசமலருக்கு எடுத்தாள்.

“அக்கா, இப்ப வந்ததோ? புதன்கிழமை விடிய ஆறு மணிக்குத் தண்ணி எண்டு?”

“வரேல்லைப் பிள்ளை. போனை நிப்பாட்டித் திரும்பப் போட்டுப் பாத்தனான். தண்ணித் தாங்கிக்கு மேல ஏறியும் பாத்தனான்.”

“ஐயோ, விழுந்துபோடாதேங்கோ. இறங்குங்கோ.”

“இறங்கிறன். தண்ணியை விடு, உன்ர மெசேஜ் எனக்கு மட்டும் வரேல்லையோ எண்டதுதான் கவலையாக் கிடக்கு. போன மாரியில இந்தப் போன் ஒருக்கா வாய்க்காலுக்க விழுந்தது. அதை நான் உனக்குச் சொல்லேல்லை.”

நேசமலரின் அயலவர்கள் எல்லோருக்கும் இப்படி எடுத்துச் சொல்லிவிடலாமே என்று யாரும் நினைக்கலாம். இலக்கங்கள் எல்லாம் காவலுக்குள் இருந்தன. அவற்றைப் பார்க்க யதுர்ஷிகாவுக்கு உரிமை இல்லை. தனக்கே உரிமை இல்லை என்று அவளே எழுதி வைத்திருந்தாள், அதுவும் பெருமையோடு. சோதித்துப் பார்ப்பதற்காக அவளுடைய சொந்தப் போனில் இருந்த ஒரே கமக்காரர் நேசமலர்தான்.

பன்னிரண்டு மணிக்குத் தலைவர் அப்புத்துரை சேற்றுக் காலோடு கந்தோருக்குள் வந்தார்.

“மெசேஜ் போட்டுதோ?”

“காவல் மறிக்குது ஐயா.”

“ஆரை மறிக்குது?”

“எங்களை.”

அப்புத்துரை கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். “சரி, ஒரு அஞ்சு நிமிசம் காவலைப் படுக்கச் சொல்லு. மெசேஜ் போனாப் பிறகு எழுப்பு.”

“ஐயா, அது நல்ல பழக்கம் இல்லை.”

“பிள்ளை, நாளைக்குத் தண்ணி வராட்டி ஆக்கள் என்னைத்தான் எழுப்புவினம். படுக்கச் சொல்லு.”

யதுர்ஷிகாவுக்கு அழுகை வரும் போலிருந்தது. ஆறு மாதமாக அந்தக் காவலை அவள் வளர்த்திருந்தாள். யார் கெஞ்சினாலும் அசையாத ஒன்றை இந்த ஊரில் ஒருமுறையாவது உண்டாக்கிக் காட்ட வேண்டும் என்ற ஆசை அவளுக்கு இருந்தது. அதைத் தன் கையாலேயே நிறுத்தினாள். கணினி ஒருமுறை அணைந்து எழும்பியது.

சேவை அசையவில்லை. திரையில் ஒரு வரி: ‘காவல் விழித்திருக்கவில்லை. தீர்மானத்தின்படி மெசேஜ் அனுப்பப்படமாட்டாது.’

“என்ன தீர்மானம்?” என்றார் அப்புத்துரை.

“உங்கட தீர்மானம் ஐயா.”

“வழிமொழிஞ்சது ஆர்?”

தயாபரன் ஒரு கடதாசிக் கோவையை எடுத்து விரித்து அதற்குள் முகத்தை வைத்துக்கொண்டார்.

காவல் தூங்கிய அந்த ஐந்து நிமிடத்தில் இலக்கப் பட்டியலைத் திறந்து ஒரு கடதாசியில் எழுதியிருக்கலாம். அந்த யோசனை யதுர்ஷிகாவுக்கு மறுநாள்தான் வந்தது. அப்போது அவளுக்கு வந்த யோசனை, காவலை உடனே எழுப்பிவிட்டு ஆறுதலாக வழி பார்ப்போம் என்பதுதான். எழுப்பினாள். கணினி மீண்டும் அணைந்து எழும்பியது. ஆனால் ஒருமுறை தூங்க வைத்த காவல் சும்மா எழும்புவதில்லை. தான் தூங்கிய நேரத்தில் யார் எதைத் தொட்டார்களோ என்ற சந்தேகத்தில், கணினியில் இருக்கிற ஒவ்வொரு கோப்பையும் எடுத்துப் பார்த்துப் புதிதாக லேபிள் ஒட்டத் தொடங்கும். அது முடியும்வரை வேறு எந்த வேலையும் நடக்காது. கறுப்புத் திரையில் ‘முடிந்தது நூற்றுக்கு ஒரு வீதம்’ என்று வந்தது.

“இது எப்ப முடியும்?”

“மொத்தம் நாலு லட்சம் கோப்பு இருக்கு ஐயா.”

“அமைப்பிட்ட இருக்கிறது ஒரு கொம்பியூற்றர். அதுக்குள்ள நாலு லட்சம் கோப்போ?” அப்புத்துரை தயாபரனைத் திரும்பிப் பார்த்தார். “இதுவும் உன்ர மச்சாளின்ரயோ?”

இரண்டு மணிக்கு இருபது வீதம். யதுர்ஷிகா நேசமலருக்கு எடுத்தாள், வேறு செய்ய ஒன்றும் இல்லாததால்.

“வரேல்லைப் பிள்ளை,” என்றார் நேசமலர், அவள் கேட்பதற்கு முன்பே. குரல் தாழ்ந்திருந்தது. “பக்கத்து வீட்டுச் சிவரூபியின்ர போன் புதுப்போன். நான் என்ர இந்தப் பழசை வைச்சுக்கொண்டு உன்னைக் கஷ்டப்படுத்திறன்.”

“அக்கா, பிழை உங்கடையில இல்லை. என்ர மெசினில.”

“நீ படிச்ச பிள்ளை. உன்ர மெசின் பிழைக்காது,” என்றார் நேசமலர். அந்த வார்த்தை யதுர்ஷிகாவை அடித்ததைவிட மோசமாக வலித்தது.

மூன்று மணிக்குத் தயாபரன் எழும்பினார். “தங்கச்சி, மாப்பிள்ளை வீட்டு ஆக்கள் வாற நேரம். நான் போகாட்டி வீட்டில என்னைச் சேக்க மாட்டினம்.” மோட்டச்சைக்கிளும் அவரோடு போனது. அப்புத்துரை தன் வயலில் தண்ணீர் கட்டுவதற்கு வரம்பு கட்டப் போனார். கந்தோரில் யதுர்ஷிகாவும் நாற்பத்தைந்து வீதமும் மட்டும் இருந்தார்கள்.

அப்போதுதான் அவளுக்கு உண்மையிலேயே பயம் வந்தது. வேலை போனால் போகட்டும், வேறு தேடலாம். தாங்கி மேல் ஏறிப் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிற அந்த மனிசிக்கு நாளைக்கு என்ன முகத்தோடு பதில் சொல்வது என்பதுதான் பயம். எழுபது வீதத்தில் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேர்ந்தாள். எண்பத்தைந்தில் அதை மூன்றாக்கினாள்.

ஆறு மணிக்குக் கணினி எழும்பியது. காவல் விழித்திருந்தது. சேவையின் பெயருக்கு எதிரே பச்சை எழுத்தில் ‘இயங்குகிறது’ என்று வந்தது. ஒரு நாள் முழுக்கச் சிவப்பையே பார்த்த கண்ணுக்கு அந்தப் பச்சை விளைந்த வயலைவிடப் பெரிதாகத் தெரிந்தது. யதுர்ஷிகா கதிரையில் சாய்ந்து கண்ணை மூடினாள். பிறகு நேசமலருக்கு எடுத்தாள்.

மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை. திரும்ப எடுத்தாள். எடுக்கவில்லை.

மெசேஜ் வந்துவிட்டது, அதனால்தான் வாய்க்கால் துப்பரவாக்கப் போய்விட்டார் என்று மனத்தின் ஒரு பாதி சொன்னது. போன் தண்ணித் தாங்கிக்குள் விழுந்துவிட்டது என்று மற்றப் பாதி சொன்னது. இரண்டுக்கும் நடுவில் அவள் வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் விடிய ஐந்தரைக்கு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வாய்க்கால் கரைக்குப் போனாள். யாருமே இல்லாத வாய்க்காலைப் பார்ப்பதற்கு மனத்தை ஆயத்தப்படுத்தியிருந்தாள். மன்னிப்புக் கேட்பதற்கு மூன்று வசனங்கள் பாடமாக்கியிருந்தாள்.

முதல் திருப்பத்தில் மண்வெட்டியோடு பத்துப் பேர் நின்றார்கள். அடுத்த திருப்பத்தில் இருபது பேர். மேல்பக்கத்து மடைகள் ஒவ்வொன்றும் மூடி, மேலே மண்மூட்டையும் வைத்திருந்தது. வாய்க்கால் அடியில் ஒரு புல் இல்லை. வழக்கமாக ஒன்பது மணிக்கு முன் கட்டிலை விட்டு எழும்பாத அஜந்தன் இடுப்பளவு வாய்க்காலுக்குள் நின்று சல்வீனியா என்கிற நீர்க்களையை அள்ளிக்கொண்டிருந்தான்.

ஆறு மணிக்குத் தண்ணீர் வந்தது. சத்தம் முதலில் கேட்டது, பிறகு நுரையும் சருகும் வந்தன, பிறகு தெளிந்த தண்ணீர். ஒரு மடையிலும் நிற்காமல், ஒரு வீட்டுக்கும் திரும்பாமல், அது நேரே கடைசி வயலைப் பார்த்துப் போனது. யதுர்ஷிகா ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு அதன் பக்கத்திலேயே ஓடினாள். இருபத்தேழு வயதில் வாய்க்கால் தண்ணீரோடு ஓட்டப்பந்தயம் ஓடுகிறோமே என்று அவளுக்கு வெட்கமே வரவில்லை.

கடைசிப் பாலத்தில் அப்புத்துரை ஏறி நின்றார். ஆட்கள் கூடினால் அவரால் பேசாமல் இருக்க முடியாது.

“எல்லாருக்கும் சேதி வந்ததுதானே?”

“வந்தது, வந்தது,” என்றார்கள் கூட்டத்தில்.

“நேரத்துக்கு வந்ததோ?”

“நேற்று மத்தியானத்துக்குப் பிறகே வந்திட்டுது,” என்றான் அஜந்தன்.

“பாத்தியளோ. சிவராசாவும் இல்லை, ஒலிபெருக்கியும் இல்லை. நூற்று அறுபது குடும்பமும் நேரத்துக்கு வந்து நிக்குது. இதுதான் மெசின். இண்டைக்குப் பத்து மணிக் கூட்டத்தில இந்தப் பிள்ளையை நிரந்தரமாக்கிறம். தயாபரன், நீ வழிமொழியாத, வேற ஆரும் வழிமொழியட்டும்.”

எல்லோரும் சிரித்தார்கள். தயாபரன்தான் எல்லோரையும்விடப் பெரிதாகச் சிரித்தார். முழங்காவில்காரருக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டதாம். பிடுங்கித் திரும்பச் செருகிய மோடம் எப்படியோ வேலை செய்திருக்கிறது, மத்தியானம் எப்படி என்றுதான் விளங்கவில்லை, ஆனால் இந்த நேரத்தில் அதையா ஆராய்வது என்று யதுர்ஷிகா நினைத்துக்கொண்டாள்.

கூட்டம் கலைந்தபோது நேசமலர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். முழங்கால் வரை சேறு. பின்னால் அவருடைய வயலில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. ஆனால் அவர் முகத்தில் பிழை செய்த பிள்ளையின் பார்வை இருந்தது. யதுர்ஷிகாவை ஒரு பக்கமாகக் கூப்பிட்டு, தலைவருக்குக் கேட்காத குரலில் சொன்னார்:

“குறை நினைக்காத பிள்ளை, என்ர போன்தான் பழுதோ எண்டு பாக்க, ‘புதன்கிழமை விடிய ஆறு மணிக்குத் தண்ணி எண்டு உங்களுக்கு மெசேஜ் வந்ததோ’ எண்டு நேற்று மத்தியானம் தொடங்கி வாய்க்கால் நெடுக வீடு வீடாய்ப் போய்க் கேட்டனான், ஒருத்தருக்கும் வரேல்லையாம்.”